உலை வாயும் ஊர் வாயும்

மொழிபெயர்ப்பாளன் செய்யும் பிழைகள் இரண்டு வகை. ஒன்று, யாருக்கும் தெரியாமல் போவது. மற்றது, பெரியப்பாவுக்குத் தெரிந்துவிடுவது. நான் செய்தது இரண்டாவது வகை.

மகாராஷ்டிரத்தின் தாராப்பூர் அணுமின் நிலையத்தில் இருக்கும் முதல் இரண்டு உலைகள், நீண்ட சீரமைப்புப் பணிக்காக 2020இல் நிறுத்தப்பட்டன. அதைப் பற்றிய ஆங்கிலத் துணுக்கு ஒன்று ஓர் இரவு பதினோரு மணிக்கு என் மேஜைக்கு வந்தது. தாராப்பூர் இருப்பது பால்கர் மாவட்டத்தில். தானே மாவட்டத்திலிருந்து 2014இல் பிரிக்கப்பட்ட மாவட்டம் அது. ஆங்கில எழுத்தில் 'பால்கர்' என்பதற்கும், வெள்ளைக்காரர்கள் பாலக்காட்டுக்கு வைத்த 'பால்காட்' என்ற பெயருக்கும் கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். சித்தூர் தாலுகாவில் பிறந்தவனின் கண்ணுக்கு அந்த ஓர் எழுத்து தெரியவில்லை. 'பாலக்காடு அருகேயுள்ள அணுமின் நிலையம்' என்று கை தானாக எழுதிவிட்டது. அச்சும் ஏறிவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பெரியப்பா. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். நலம் விசாரிக்கும் வழக்கமெல்லாம் கிடையாது.

"ஏன்டா, வாளையார்ல சிமென்ட் பேக்டரி இருக்குது. கஞ்சிக்கோட்டுல இரும்பு உருக்குறாங்க. அணு பேக்டரி எப்படா வந்துச்சு? எனக்குத் தெரியாம?"

மதியம் மூணாறிலிருந்து மதினி கூப்பிட்டார். "தம்பி, பாலக்காட்டுல அணு உலை வெடிச்சிருச்சாமே? பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா, வேண்டாமா?" நான் எழுதியது, உலை நிறுத்தப்பட்டது என்று மட்டும்தான். அது பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று பஸ் ஏறி மூணாறு போய்ச் சேர்வதற்குள் வெடித்தும் விட்டிருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டு வரியில் ஒரு திருத்தம் வெளியானது. பிழை இருந்த இடத்தைவிடச் சின்ன இடத்தில், சின்ன எழுத்தில். திருத்தங்களின் தலையெழுத்து அது. ஆனால் பெரியப்பா அதையும் படித்துவிட்டார். "கொதிநீர் அணு உலைன்னு போட்டிருக்கியே, அப்படின்னா என்னடா? அணு உலையில தண்ணிக்கு என்ன வேலை? எதுக்குக் கொதிக்கணும்?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை. ஒரு சொல்லைத் தமிழாக்கிவிட்டால் பொருளும் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வது எங்கள் தொழிலின் நோய். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போவதற்குள் படித்துத் தெரிந்துகொண்டேன். பெரியம்மாவின் அடுப்படியில் உட்கார்ந்து பெரியப்பாவிடம் சொன்னதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் உலை என்றால் இரண்டு பொருள். கொல்லன் உலை ஒன்று, சோற்று உலை ஒன்று. முதலாவதில் நெருப்புதான் எல்லாம். இரண்டாவதில் தண்ணீர். அரிசி போடுவதற்கு முன் கொதிக்க வைக்கும் தண்ணீரையே நாம் உலை என்கிறோம். அணு உலை என்று சொன்னதும் நம் மனசில் கொல்லன் பட்டறைதான் வருகிறது. தாராப்பூரின் பழைய உலைகளைப் பொறுத்தவரை அடுப்படிப் பொருள்தான் சரி. அங்கே உண்மையிலேயே உலை கொதிக்கிறது.

நம் வாசகர்களுக்குப் பழக்கமான கல்பாக்கத்திலோ கூடங்குளத்திலோ அப்படி இல்லை. அங்கே உலைக்குள் ஓடும் நீரைக் கொதிக்க விடமாட்டார்கள். கூடங்குளத்தில் சாதாரண நீர், கல்பாக்கம் மின்நிலையத்தில் கனநீர். இரண்டிலும் நீரை மிகுந்த அழுத்தத்தில் அடைத்து, கொதிக்காமலே சூடாக்கி, குழாய் வழியாக இன்னொரு கலனுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தக் கலனில் இருக்கும் வேறு தண்ணீர்தான் ஆவியாகிறது. கொதிநீர் உலையில் இந்த இடைத்தரகர் இல்லை. யுரேனியத்தைத் தொட்டு ஓடும் தண்ணீரே கொதித்து, அந்த ஆவியே டர்பைனுக்குப் போகிறது. இந்தியாவில் இந்த வகையைச் சேர்ந்தவை தாராப்பூரின் முதல் இரண்டு உலைகள் மட்டும்தான். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி வடிவமைத்து, 1969இல் ஓடத் தொடங்கியவை.

இனி பெரியம்மாவின் புட்டுக்குடம். கீழே குடத்தில் தண்ணீர் கொதிக்கிறது. மேலே குழலில் மாவும் தேங்காய்ப்பூவும். நடுவே ஓட்டை போட்ட சில்லு. குடத்தில் தண்ணீர் அதிகமாகிவிட்டால் ஆவியோடு தண்ணீரும் தெறித்து அடிமாவு கூழாகிவிடும். குறைந்துவிட்டால் குடம் கருகும். இந்த இரண்டு கவலைகளும் அணு உலைக்காரர்களுக்கும் உண்டு.

அவர்களுடைய குடம் தடித்த உருக்கால் ஆன உயரமான கலன். அதன் நடுவில் எரிபொருள் கம்பிகள் கட்டுக்கட்டாக நிற்கின்றன. கம்பி என்றால் கெட்டிக் கம்பி அல்ல. சிர்க்கோனியம் என்ற உலோகத்தின் கலவையால் ஆன மெல்லிய குழாய். உள்ளே சின்னச் சின்ன வில்லைகளாக யுரேனிய ஆக்சைடு. இயற்கை யுரேனியத்தில் பிளவுபடும் வகை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது, 0.7 சதவீதம்தான். இந்த உலைகளுக்கு அதைச் சற்றுச் செறிவூட்டிப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. ஓர் அணு நியூட்ரானால் பிளக்கும்போது சூடும் பிறக்கிறது, இரண்டு மூன்று புதிய நியூட்ரான்களும் வெளிவருகின்றன. அவை அசுர வேகத்தில் பறப்பவை. அந்த வேகத்தில் போனால் அடுத்த அணுவைப் பிளப்பது அரிது. தண்ணீரில் மோதி மோதி வேகம் குறைந்தால்தான் காரியம் ஆகும். ஆக, இங்கே தண்ணீருக்கு இரண்டு வேலை. சூட்டை வாங்கிக்கொள்வது ஒன்று, நியூட்ரானின் வேகத்தை அடக்குவது இன்னொன்று.

"தண்ணிக்கு என்ன வேலை?" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இது. மீதிப் பதில் கொதிப்பதில் இருக்கிறது.

மூணாறு மதினிக்கு ஒரு பழைய குறை. அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது, ஆவிதான் போகும். பாலக்காட்டில் அதே தண்ணீர் 100 டிகிரி வரை தாங்கும். குக்கருக்குள் அழுத்தம் இரு மடங்கானதும் 120 டிகிரி வரை தாங்கும். அழுத்தம் கூடக் கூட, கொதிக்கும் சூடும் கூடும். கொதிநீர் உலைக் கலனுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ 70 மடங்கு. அங்கே தண்ணீர் கொதிப்பது 285 டிகிரி அளவில். மூணாறிலிருந்து பாலக்காட்டுக்கு இறங்கினால் ஐந்து டிகிரி வித்தியாசம். தாராப்பூர் வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு அழுத்தம் எதற்கு? ஆவியின் பலத்துக்கு. திறந்த பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும். எழுபது மடங்கு அழுத்தத்தில் அதே ஆவி முப்பது லிட்டர் அளவுக்குள் ஒடுங்கி நிற்கிறது. ஒடுங்கியிருப்பது விரியத் துடிக்கும். டர்பைனில் விட்டதும் விரிந்து, அடுக்கடுக்கான இறக்கைகளைத் தள்ளிச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியில்தான் மின்சாரம்.

கலனுக்குள் நடப்பது இது. தண்ணீர் ஓரமாகக் கீழே இறங்கி, அடியில் திரும்பி, எரிபொருள் கம்பிகளுக்கு நடுவே மேலேறுகிறது. ஏறும்போது கம்பிகளைச் சுற்றிக் குமிழிகள் கிளம்புகின்றன. உச்சிக்கு வரும்போது அது தண்ணீரும் ஆவியும் கலந்த நுரை. பிற்காலத்தில் வந்த பெரிய கொதிநீர் உலைகளில், ஒரு சுற்றில் ஆவியாவது எடையில் ஏழில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் தண்ணீராகவே இருக்கும். அந்த நுரையைச் சுழலவிட்டால் கனமான தண்ணீர் ஓரத்துக்கு ஒதுங்கிக் கீழே வழிகிறது, ஆவி நடுவே மேலே போகிறது. தயிரைக் கடைந்தால் வெண்ணெய் பிரிவது போல. பிறகு வளைந்து நெளிந்த தகடுகளுக்கு இடையே ஆவியை விடுகிறார்கள். ஆவி வளைந்து போய்விடும். வளையத் தெரியாத நீர்த்துளிகள் தகட்டில் மோதி அங்கேயே தங்கிவிடும். இவ்வளவு பாடும் எதற்கென்றால், வேகமாகச் சுழலும் டர்பைன் இறக்கையில் நீர்த்துளிகள் அடித்துக்கொண்டே இருந்தால் உலோகம் அரிக்கும். பெரியம்மாவுக்குப் புட்டு கூழாகக் கூடாது, இவர்களுக்கு டர்பைன் தேயக் கூடாது.

வேலை முடித்த ஆவியைக் கடல்நீர் ஓடும் குழாய்களின் மேல் விட்டுக் குளிரவைத்து மீண்டும் தண்ணீராக்கி, உலைக்கே அனுப்புகிறார்கள். இரண்டு நீரும் கலப்பதில்லை. உலையில் பிறக்கும் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி அரபிக் கடலுக்கு.

தாராப்பூரில் இன்னொரு விசேஷமும் உண்டு. உலையிலிருந்து நேராக வரும் ஆவி போதாதென்று, உலையின் சூடான நீரைத் தனிக் கலன்களுக்கு அனுப்பி இரண்டாவதாகக் கொஞ்சம் ஆவி எடுக்கும்படி அமைத்திருந்தார்கள். அந்தக் கலன்களின் குழாய்களில் கசிவு வந்து தொல்லை கொடுத்தது. ஆரம்பத்தில் தலா 210 மெகாவாட்டாக இருந்த உலைகளின் திறனை 1980களில் தலா 160 மெகாவாட்டாகக் குறைத்தார்கள். கைக்கு எட்டியது பாதி, வாய்க்கு எட்டியது மீதி என்ற கதை.

எரிபொருளும் லேசில் கிடைக்கவில்லை. 1974இல் போக்ரான் சோதனை நடந்த பிறகு அமெரிக்கா கையை இழுத்துக்கொண்டது. 1980களில் பிரான்ஸ் கொடுத்தது. 1990களில் சீனா கொடுத்தது. பிறகு ரஷ்யா. உலை ஓர் ஊரில் இருக்க, அரிசிக்கு உலகமெல்லாம் அலைந்த குடும்பம் இது.

இதுவரை கேட்ட பெரியப்பா, "தண்ணி ரொம்பக் கொதிச்சுப் பொங்கிருச்சுன்னா?" என்றார். நல்ல கேள்வி. அதற்கான பதில் இந்த உலையின் கெட்டிக்காரத்தனம்.

குமிழி என்பது தண்ணீர் இல்லாத இடம். தண்ணீர் இல்லாத இடத்தில் நியூட்ரானின் வேகத்தை அடக்க ஆளில்லை. அடக்காத நியூட்ரான் அணுவைப் பிளப்பது குறைவு. ஆகவே கொதிப்பு மிஞ்சினால் குமிழி பெருகும், குமிழி பெருகினால் அணுப்பிளவு குறையும், பிளவு குறைந்தால் சூடு தணியும். பால் பொங்கும்போது அடுப்பு தானே இறங்கிக்கொள்வது போல. இந்தக் குணத்தை வைத்தே உலையை ஓட்டவும் செய்கிறார்கள். தண்ணீரைச் சுற்றிவிடும் பம்புகளை வேகமாக்கினால் குமிழிகள் அடித்துக்கொண்டு போகப்படும், மின்சாரம் கூடும். மெதுவாக்கினால் குமிழி தங்கும், மின்சாரம் குறையும். உலையை முழுதாக நிறுத்த, நியூட்ரானை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கோல்களை உள்ளே செலுத்துவார்கள். கலனின் மேற்பகுதியை ஆவி பிரிக்கும் சாமான்கள் அடைத்துக்கொண்டிருப்பதால் இந்தக் கோல்கள் கீழேயிருந்து மேலே போகின்றன.

1986இல் வெடித்த செர்னோபில் உலையிலும் தண்ணீர் கொதிக்கத்தான் செய்தது. ஆனால் அங்கே நியூட்ரானை அடக்கும் வேலை கிராஃபைட்டிடம் இருந்தது. தண்ணீர் நியூட்ரானைக் கொஞ்சம் விழுங்கவும் செய்தது. குமிழி பெருகியபோது விழுங்க ஆளில்லை, அடக்க ஆள் இருந்தது. சூடு தணிவதற்குப் பதில் எகிறியது. கொதிக்கும் உலை என்ற பெயர் ஒன்றானாலும் குணம் நேர் எதிர்.

"அப்ப இது பயமில்லாத உலைதானே?" என்று பெரியம்மா முடிவு கட்டினார். பெரியப்பா விடவில்லை. "பொங்கறது இருக்கட்டும். தண்ணி வத்திப் போச்சுன்னா?"

கொதிநீர் உலையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியைப் புட்டுக்குடத்தைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டுவிட்டார்.

சோற்று உலையில் விறகை இழுத்துவிட்டால் அடுப்பு அணைந்துவிடும். அணு உலை அப்படி அணைவதில்லை. கோல்களைச் செலுத்திப் பிளவை நிறுத்திய மறுகணமும் முழு வெப்பத்தில் நூற்றுக்கு ஆறேழு பங்கு வந்துகொண்டே இருக்கும். பிளந்த அணுக்களின் துண்டுகள் தங்கள் பங்குக்குச் சிதைந்து சூடு கொடுப்பவை. ஒரு மணி நேரத்தில் அது ஒன்றரைப் பங்கு அளவுக்கு இறங்கும். அதற்குப் பிறகு இறக்கம் மெதுவாகத்தான். தணல் நீறு பூத்துக் கிடப்பது போல. அந்தத் தணலுக்கு நாள்கணக்கில் தண்ணீர் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் இதுதான் தவறியது. அங்கே இருந்த ஆறும் கொதிநீர் உலைகள். முதல் உலை 1971இல் ஓடத் தொடங்கியது. தாராப்பூர் உலைகளுக்கு இரண்டு வயது இளையது. நிலநடுக்கம் வந்ததும், ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் ஒழுங்காகத் தாமாகவே நின்றன. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு பதினான்கு மீட்டர் உயரத்துக்குச் சுனாமி ஏறி வந்தது. தாழ்வான இடத்தில் வைத்திருந்த டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின. பம்புகளுக்கு மின்சாரம் இல்லை. உள்ளே இருந்த தண்ணீர் கொதித்து வற்றியது. கம்பிகள் வெளியே தலைகாட்டின. அந்தச் சூட்டில் சிர்க்கோனியம் ஆவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிட்டது. ஹைட்ரஜன் கட்டடங்களை வெடிக்கச் செய்தது. மூன்று உலைகளின் உள்ளகமும் உருகியது. மின்சாரம் தயாரிக்கும் இடத்தில் பம்பு ஓட்ட மின்சாரம் இல்லாமல் போனதுதான் விபத்தின் கதை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொதிநீர் உலையில் டர்பைனுக்குப் போகும் ஆவி சுத்தமான ஆவியல்ல. நீரில் இருக்கும் ஆக்சிஜன், நியூட்ரான் பட்டு ஒருவகைக் கதிரியக்க நைட்ரஜனாகிறது. அதன் ஆயுள் சொற்பம், ஏழு வினாடிக்கொரு தரம் பாதியாகிவிடும். உலை நின்ற சில நிமிஷங்களில் அடையாளம் தெரியாது. ஆனால் ஓடும்போது டர்பைன் அருகே சும்மா போய் நிற்க முடியாது. அதற்கும் தடுப்புச் சுவர் வேண்டும். இடைத்தரகரை நீக்கினால் லாபமும் உண்டு, அவர் சுமந்த சுமையும் நம் தலையில்.

கேரளத்தில் அணுமின் நிலையம் கிடையாது. இடுக்கி அணையின் தண்ணீர் மூலமற்றத்தில் மலைக்கு அடியில் 1976 முதல் டர்பைனைச் சுழற்றுகிறது. பள்ளிவாசலில் அதற்கும் முன்னால், 1940இலேயே தொடங்கிவிட்டது. அங்கே தண்ணீர் விழுந்து மின்சாரம் கொடுக்கிறது, தாராப்பூரில் தண்ணீர் எழுந்து கொடுக்கிறது. விழும் தண்ணீரைப் பற்றி எங்கள் எல்லையோர ஜனங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மழை கொட்டினால் எந்த அணையின் மதகு எப்போது திறக்கும் என்று குழந்தைகூடச் சொல்லும். பயம் இருக்கிறது, கூடவே தெளிவும் இருக்கிறது. எழும் தண்ணீரைப் பற்றி அந்தத் தெளிவு இல்லை. அதனால்தான் 'நிறுத்தம்' உடுமலையைத் தாண்டும்போது 'வெடிப்பு' ஆனது.

இதை ஜனங்களின் அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. தவறு என்னிடமிருந்து கிளம்பியது. நம் நாட்டு அணுமின் நிலையங்களைச் சுற்றிப் பதினாறு கிலோமீட்டருக்கு அவசரகாலத் திட்டம் வகுக்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் அறிவிப்பு ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'வீட்டுக்குள்ளேயே இருங்கள், ஜன்னலை மூடுங்கள்' என்பது ஒரு கட்டளை. 'உடனே வெளியேறுங்கள்' என்பது வேறு கட்டளை. இரண்டையும் யாரோ ஒருவர், ஏதோ ஓர் இரவு பதினோரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் உள்ளூர் மொழிக்கு மாற்றுவார். ஓர் எழுத்து வித்தியாசம் அங்கே பெரியப்பாவின் கிண்டலோடு போகாது. எங்களைப் போல இரண்டு மொழிக்கு நடுவே, மாநில எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பயம் கூடுதல். மலையாளத்தில் கிளம்பும் தகவல் தமிழில் வந்து சேர்வதற்குள் எத்தனை கை மாறுமோ.

அன்றைக்குப் புட்டு வெந்து இறக்கியதும் பெரியப்பா குடத்தைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் மிச்சம் இருந்தது. "உங்க பெரியம்மா நாப்பது வருஷமா குடத்துல தண்ணி வத்த விட்டதில்ல" என்றார். "பக்கத்துலயே நிக்கிறா, அதான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் பேப்பர் பக்கத்துலயே நில்லு. அந்த 'பால்கர்'ங்கற பேரை எங்கயாச்சும் எழுதி ஒட்டி வெச்சுக்க."

ஒட்டி வைத்திருக்கிறேன். மேஜைக்கு எதிர்ச் சுவரில், கண்ணுக்கு நேராக.